கருவியும் கருத்தாவும்: சண்டை விளையாட்டிற் கேம்பாடும் ஆர்கேட் ஸ்ரிக்கும்

தமிழிலக்கணத்தில் மூன்றாம் வேற்றுமைக்குரிய பொருள்கள் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என மூன்றாம். 'வாளால் வெட்டினான்' என்புழி ஆல் உருபு கருவிப்பொருளில் வந்தது. 'தச்சனாற் செய்யப்பட்ட தேர்' என்புழி அதே உருபு கருத்தாப்பொருளில் வந்தது. செய்வானுக்கும் அவன் கையிலுள்ள பொருளுக்கும் ஒரே உருபு வழங்கப்படுதல் இலக்கணங் கற்கப் புகும் மாணவனுக்குச் சிறிது மயக்கத்தைத் தருவதுண்டு. எனினும் வாள் தானே எழுந்து வெட்டாது, உளி தானே மரத்தைச் செதுக்காது என்பதை அவன் அறிவானாதலின் அம்மயக்கம் விரைவில் நீங்கிவிடும். கருவி நுண்ணியதாகுந்தோறும் அதனைக் கையாள்பவனின் திறமை எங்கே முடிகின்றது, கருவியின் திறமை எங்கே தொடங்குகின்றது என்று வரையறுத்தல் அரிதாகின்றது. இக்காலத்து இளைஞர் பெரிதும் ஈடுபடுகின்ற சண்டை விளையாட்டுக்களில் இவ்வரிய கேள்வி பல்லாண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகின்றது. கேம்பாட் சிறந்ததா, ஆர்கேட் ஸ்ரிக் சிறந்ததா என்பதே அவ்விவாதத்தின் வெளிவடிவம். வென்றது கருவியா, கருத்தாவா என்பதே அதன் உட்பொருள்.

சண்டை விளையாட்டு என்பது வீடியோ விளையாட்டுக்களுள் ஒருவகை. திரையில் எதிரெதிரே நிற்கும் இரு வீரருள் ஒருவனை ஒருவரும் மற்றையவனை மற்றவரும் இயக்கிப் பொருதுவர். யப்பானிலுள்ள கப்கொம் நிறுவனம் 1991ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்றீற் பைற்றர் 2' என்பதே இவ்வகைக்கு இலக்கணம் வகுத்தது எனலாம். அதில் வீரனை நகர்த்துதற்கு எட்டுத் திசைகளும், தாக்குதற்கு ஆறு பொத்தான்களும் அமைந்தன. குத்து மூன்று, உதை மூன்று. ஒவ்வொன்றும் மெலிது, இடை, வலிது என்னும் தரம் உடையது. இவையேயன்றிச் சிறப்பு வித்தைகளும் உள. றியூ என்னும் வீரன் தன் கைகளிலிருந்து ஒளியுருண்டையை ஏவவேண்டுமாயின், விளையாடுபவர் கீழ்த்திசை, கீழும் முன்னுமான மூலைத்திசை, முன்றிசை என்பவற்றைத் தொடர்ந்து காட்டி ஒரு கால்வட்டம் வரைந்து, உடனே குத்துப் பொத்தானை அழுத்தல் வேண்டும். கைல் என்னும் வீரனுக்குப் பின்றிசையை ஏறத்தாழ ஒரு செக்கன் பிடித்திருந்து, பின்னர் முன்றிசையையும் குத்தையும் ஒருசேரக் காட்டல் வேண்டும். சாங்கீவ் என்னும் மல்லன் பகைவனைத் தூக்கிச் சுழற்றி எறிதற்குத் திசைகளால் ஒரு முழுவட்டமே வரையவேண்டும்.

இவ்வியக்கங்களுக்குக் கிடைக்கும் காலமோ மிகச் சிறிது. இவ்வகை விளையாட்டுக்கள் பெரும்பாலும் செக்கனுக்கு 60 படிமங்கள் என்னும் வேகத்தில் இயங்குவன. ஒரு படிமத்தின் ஆயுள் ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன் ஆகும். 2008ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஸ்றீற் பைற்றர் 4' என்னும் விளையாட்டில், ஓர் அடியை அடுத்த அடியோடு இணைத்தற்கு ஒரேயொரு படிமத்தின் காலமே வாய்ப்பாக அமைந்த இடங்கள் உண்டு. அதற்கு முன் அழுத்தினும் தவறு, பின் அழுத்தினும் தவறு. இத்துணைச் சிறிய கால எல்லைக்குள் உள்ளத்தின் எண்ணம் விரலுக்கும், விரலின் அசைவு கருவிக்கும் சென்று சேரல் வேண்டுமாதலின், கருவியின் அமைப்பைப் பற்றி விளையாடுவோர் இத்துணை அக்கறை கொள்வது வியப்பன்று.

ஆர்கேட் ஸ்ரிக்கின் வரலாறு பொதுவிடத்தில் தொடங்குவது. ஆர்கேட் எனப்படும் விளையாட்டுக் கூடங்களில், யப்பானில் 100 யென் நாணயமும் அமெரிக்காவில் 25 சத நாணயமும் இட்டு ஆடப்பட்ட பெரும் பெட்டிகளே சண்டை விளையாட்டின் பிறப்பிடம். அக்காலத்திற் கருவியின் வடிவம் நிலைபெற்றிருக்கவில்லை. 1984ஆம் ஆண்டின் 'கராத்தே சாம்பியன்' என்னும் விளையாட்டில் ஒருவருக்கு இரு கோல்கள் இருந்தன. பொத்தான் ஒன்றேனும் இல்லை. 1987இல் வெளிவந்த முதலாவது 'ஸ்றீற் பைற்றர்' பெட்டிகளுள் ஒருவகையிற் குத்துக்கு ஒன்றும் உதைக்கு ஒன்றுமாக இரு பெரிய அழுத்துமெத்தைகள் இருந்தன. எத்துணை வலிமையாக அடிக்கப்பட்டதோ அத்துணை வலிமையாகத் திரையிலுள்ள வீரன் தாக்குவான். அவ்வடிவம் நிலைக்கவில்லை. ஒரு கோலும் ஆறு பொத்தான்களும் என்னும் அமைப்பே எஞ்சியது. 1991இன் வெற்றி அதனை உலகெங்கும் பரப்பியது.

பொதுவிடத்துக் கருவியாதலின் அது உறுதியுடையதாக அமைதல் வேண்டும். நாள்தோறும் அறிமுகமற்ற கைகள் அதனைப் பற்றும், முறுக்கும், அடிக்கும். யப்பானிய அமைப்பில், உலோகத் தண்டொன்றின் தலையில் ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் விட்டமுள்ள பந்து பொருத்தப்பட்டிருக்கும். தண்டின் அடிமுனையைச் சூழ நான்கு நுண்ணாளிகள் உள. கோலை வலப்புறஞ் சாய்த்தால் அதன் அடிமுனை இடப்புறஞ் சென்று அங்குள்ள ஆளியை அழுத்தும். அவ்வழுத்தமே வலத்திசை எனப் பொறியால் உணரப்படும். மூலைக்குச் சாய்த்தால் அடுத்தடுத்த இரு ஆளிகள் ஒருங்கே அழுந்தும். எனவே நான்கு ஆளிகளாலேயே எட்டுத் திசைகளும் நடுநிலையும் பெறப்படுகின்றன. கையை விட்டதும் சுருள்வில் கோலை நடுநிலைக்கு மீட்கும். தண்டு ஓடும் எல்லையை வரையறுக்கச் சதுரவடிவான தடைச்சட்டம் ஒன்று அடியில் உண்டு. அதன் நான்கு மூலைகளும் நான்கு மூலைத்திசைகளைக் கையால் உணரச் செய்வன. அமெரிக்கப் பெட்டிகளிற் பந்துக்குப் பதிலாக நீண்ட பிடியையுடைய கோல்கள் வழங்கின. கொரியாவிற் சுருள்வில்லுக்குப் பதிலாக இறப்பர் வளையமும், சதுரச் சட்டத்துக்குப் பதிலாக வட்டச் சட்டமும் பெரிதும் விரும்பப்பட்டன. இவ்வாறு ஒரே கருவி நாட்டுக்கு நாடு வேறுபட்டது. ஆங்காங்குள்ளோர் தாம் முதலிற் பழகிய கோலையே சிறந்ததெனக் கருதினர்.

கேம்பாட்டின் வரலாறு இதற்கு மாறாக வீட்டில் வளர்ந்தது. நின்ரெண்டோ நிறுவனத்தின் குன்பெய் யோகொய் என்பவர், 1982ஆம் ஆண்டிற் சட்டைப்பைக்குள் அடங்கும் சிறு விளையாட்டுப் பொறியொன்றுக்காகச் சிலுவை வடிவான திசைப்பொத்தானை அமைத்தார். மடித்து வைக்கும் பொறியில் மேலெழுந்து நிற்கும் கோலுக்கு இடமில்லை. ஆகவே பெருவிரல் ஒன்றால் இயக்கத்தக்க தட்டையான உறுப்பு வேண்டப்பட்டது. 1983இல் வெளிவந்த பமிகொம் என்னும் வீட்டுப்பொறியின் கைக்கருவி அச்சிலுவையை ஏற்றுக்கொண்டது. அதன் அமைப்பு எளியது. சிலுவையின் நடுவே ஒரு முனைப்பு இருத்தலால் அது துலாக்கோல் போல ஒருபுறந் தாழ மறுபுறம் எழும். தாழும் புறத்தின் கீழுள்ள இறப்பர் மெத்தை மின்றகட்டைத் தொட்டு மின்னோட்டத்தை இணைக்கும். இக்கருவி மெலிது, விலையும் குறைந்தது, மடியில் வைத்தோ, கட்டிலிற் சாய்ந்தோ ஆடத்தக்கது.

ஆர்கேட் பெட்டிக்கென வகுக்கப்பட்ட ஆறு பொத்தான் விளையாட்டு வீட்டுக்குள் வந்தபோதுதான் இரு மரபுகளும் எதிர்ப்பட்டன. 1990இல் யப்பானில் வெளிவந்த சூப்பர் பமிகொம் பொறியின் கைக்கருவியில் முகப்பில் நான்கும், தோளில் இரண்டுமாக ஆறு பொத்தான்கள் இருந்தன. 1992இல் 'ஸ்றீற் பைற்றர் 2' அப்பொறிக்கு வந்தபோது எண்ணிக்கை பொருந்திற்று, இடம் பொருந்தவில்லை. ஆர்கேட்டிற் குத்து மூன்றும் ஒரு வரிசை, உதை மூன்றும் அதன் கீழ் மற்றொரு வரிசை. வீட்டிலோ ஆறனுள் இரண்டு சுட்டுவிரல்களுக்கு உரியனவாகிப் பின்புறம் ஒதுங்கின. சேகா நிறுவனம் 1993இல் தனது மெகா டிறைவ் பொறிக்கு ஆறு பொத்தான்களையும் முகப்பிலேயே இரு வரிசையாகக் கொண்ட புதிய கேம்பாட்டை வெளியிட்டமைக்கும் இவ்விளையாட்டின் செல்வாக்கே காரணமாம். விளையாட்டுக்கேற்பக் கருவி மாறியமைக்கு இஃது ஒரு நல்ல சான்று.

இனி, இரு கருவிகளின் இயல்பையும் ஒப்பிட்டு நோக்குதல் தகும். முதலில் இடக்கையின் தொழிலை எடுத்துக்கொள்ளலாம். ஆர்கேட் ஸ்ரிக்கிற் கோலை இயக்குவது மணிக்கட்டும் முன்கையும் விரல்களும் சேர்ந்த கூட்டம். சிலர் பந்தை மேலிருந்து பற்றுவர். சிலர் தண்டை இருவிரல்களுக்கிடையே செலுத்தி, மதுக்கிண்ணத்தைத் தாங்குமாறுபோல உள்ளங்கையிற் பந்தைத் தாங்குவர். பெருந்தசைகள் தொழிற்படுதலால் வட்டமும் அரைவட்டமும் வரைதல் கோலுக்கு எளிது. சாங்கீவின் முழுவட்டம் அதற்கே இயல்பாக உரியது. கேம்பாட்டிலோ இத்தொழில் முழுவதும் இடப்பெருவிரல் ஒன்றன்மேற் சுமத்தப்படுகின்றது. சிலுவையின் விளிம்பை நெடுநேரம் உருட்டுவதாற் பெருவிரலின் தோல் கன்றிப்போதலும் உண்டு. ஆனாற் பெருவிரல் நகரவேண்டிய தூரம் சில மில்லிமீற்றரே. கோலின் தலை நகரவேண்டிய தூரம் அதனினும் பன்மடங்கு. ஆகவே முன்றிசையை இருமுறை விரைந்து தட்டிப் பாய்தல், பின்றிசையிலிருந்து முன்றிசைக்கு உடனே மாறுதல் முதலியவற்றிற் சிலுவை விரைவுடையது. கோல் நடுநிலையைக் கடந்தன்றி எதிர்ப்புறம் செல்லமாட்டாது.

வலக்கையின் தொழிலில் நிலைமை வேறு. ஆர்கேட் ஸ்ரிக்கின் பொத்தான்கள் ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் விட்டமுடையன. அவற்றின்மேல் விரல்கள் ஆர்மோனியக் கட்டைகளின்மேற் கிடப்பன போலக் கிடக்கும். ஒவ்வொரு விரலுக்கும் தனித்தொழில் உண்டு. மூன்று குத்துக்களையும் ஒருங்கே அழுத்தவேண்டுமாயின் மூன்று விரல்கள் ஒருங்கே தாழ்ந்தாற் போதும். ஒரு பொத்தானை மிக விரைந்து இருமுறை அழுத்தவேண்டுமாயின் இரு விரல்கள் அடுத்தடுத்து விழலாம். கேம்பாட்டில் முகப்புப் பொத்தான்கள் நான்கும் வலப்பெருவிரல் ஒன்றுக்கே உரியன. அது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் திரிதல் வேண்டும். இக்குறையை நீக்கவே பல பொத்தான்களை ஒருங்கே அழுத்தும் பயனைத் தோட்பொத்தான் ஒன்றுக்கு மாற்றிக்கொள்ளும் வசதி விளையாட்டுக்களில் வைக்கப்பட்டது. சிலர் கேம்பாட்டை மடியிலோ மேசையிலோ வைத்து, வலக்கை விரல்களை மேலிருந்து பரப்பி, அதனைச் சிறியதோர் ஆர்கேட் ஸ்ரிக்காகவே ஆக்கிக்கொள்வதும் உண்டு.

ஆகவே, கோல் வட்டத்திற் சிறந்தது, சிலுவை தட்டுதலிற் சிறந்தது. பொத்தான் வரிசை பெரும்பலகையிற் சிறந்தது, இலகுவும் மலிவும் கேம்பாட்டிற் சிறந்தன என்று முடிக்கலாம். ஆயின் இம்முடிவும் விளையாட்டு யாது என்பதைப் பொறுத்தே நிற்கும். 1994இல் நம்கோ நிறுவனம் வெளியிட்ட 'ரெக்கென்' என்னும் விளையாட்டில் நான்கு பொத்தான்களே உள. அவை வீரனின் இரு கைகளுக்கும் இரு கால்களுக்கும் உரியன. அதே ஆண்டில் வெளிவந்த பிளேஸ்ரேசன் பொறியின் கேம்பாட்டில் முகப்புப் பொத்தான்களும் நான்கே. எனவே அவ்விளையாட்டை வீட்டுக்கருவியில் ஆடுவோர்க்குப் பொத்தான் குறை இல்லை. 2001இல் நின்ரெண்டோ வெளியிட்ட 'சூப்பர் ஸ்மாஷ் பிறதர்ஸ் மெலே' வீட்டிலேயே பிறந்து வீட்டிலேயே வளர்ந்தது. சிறிது சாய்த்தால் நடையும் விரைந்து சாய்த்தால் ஓட்டமும் தருகின்ற பெருவிரற்கோலை மனத்திற்கொண்டு அது வகுக்கப்பட்டமையால், ஆளும் அணைவும் மட்டுமே அறிந்த ஆர்கேட் கோல் அங்கே பயன்படாது. பிறந்த இடத்தின் கருவியே ஒரு விளையாட்டின் இயக்கங்களை வகுக்கின்றது என்பது இதனாற் பெறப்படும். கால்வட்டமும் முழுவட்டமும் 'ஸ்றீற் பைற்றர்' விளையாட்டில் இடம்பெற்றமைக்குக் காரணமும் அதன் வகுப்பாளர் முன்னே கோல் ஒன்று இருந்தமையே.

கருவியின் உயர்வைப் போட்டி முடிவுகள் காட்டும் எனச் சிலர் வாதிடுவர். அவ்வாதத்தையும் ஆராய்தல் நன்று. சண்டை விளையாட்டுப் போட்டிகளுட் புகழ்வாய்ந்த ஈவோ, 1996இற் கலிபோர்ணியா மாநிலத்தில் 40 பேரோடு தொடங்கிய சிறு போட்டியிலிருந்து வளர்ந்தது. தொடக்கத்தில் ஆர்கேட் பெட்டிகளிலேயே ஆட்டங்கள் நிகழ்ந்தன. 2004இல் அவை வீட்டுப்பொறிகளுக்கு மாற்றப்பட்டன. அவ்வாண்டிலே, 'ஸ்றீற் பைற்றர் 3: தேர்ட் ஸ்றைக்' என்னும் விளையாட்டில், யப்பானியராகிய டைகோ உமெஹாராவும் அமெரிக்கராகிய ஜஸ்ரின் வோங்கும் எதிர்ப்பட்டனர். உமெஹாராவின் வீரனுக்கு உயிர் ஒரு கீற்றளவே எஞ்சியிருந்தது. சாதாரணமாகத் தடுத்தாலும் அக்கீற்று அழிந்துவிடும். வோங் 15 உதைகள் கொண்ட பெருந்தாக்குதலை ஏவினார். அவ்விளையாட்டில் அடி விழும் கணத்தில் முன்றிசையைத் தட்டினால் அவ்வடி சேதமின்றி விலக்கப்படும்; ஆனால் ஒவ்வோர் அடிக்கும் தனித்தனியே தட்டல் வேண்டும். உமெஹாரா கோலால் 15 உதைகளையும் ஒவ்வொன்றாக விலக்கி, இறுதி உதையை அந்தரத்தில் நின்று விலக்கி, மீண்டு தாக்கி வென்றார். இந்நிகழ்ச்சியைக் கோலின் வெற்றியாகக் கூறுவாரும் உளர்.

இதற்கு மறுதலையாக 2014ஆம் ஆண்டின் ஈவோ அமைந்தது. அவ்வாண்டு 'அல்ற்றா ஸ்றீற் பைற்றர் 4' போட்டியில் லூபி என்னும் பெயரால் ஆடிய பிரெஞ்சு நாட்டவர் முதலிடம் பெற்றார். அவர் கையிலிருந்தது முதலாவது பிளேஸ்ரேசன் பொறியோடு வந்த பழைய கேம்பாட். அமெரிக்கராகிய சோனிக்பொக்ஸ் என்பவரும் கேம்பாட் கொண்டே 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் 'மோர்ற்றல் கொம்பாற் எக்ஸ்' போட்டியிலும், 2018இல் 'டிராகன் போல் பைற்றர் செற்' போட்டியிலும் ஈவோவில் வென்றார். ஒருவரின் வெற்றியைக் கோலுக்கு உரியதாக்கினால் மற்றையோரின் வெற்றியைச் சிலுவைக்கு உரியதாக்கல் வேண்டும். இரண்டும் ஒருங்கே மெய்யாதல் இயலாது. கூடத்தில் நாணயமிட்டு வளர்ந்தவர் கோலால் வென்றார். வீட்டுப்பொறியொடு பழகியவர் கேம்பாட்டால் வென்றார். இவ்வெற்றிகளுக்கெல்லாம் பொதுவாயுள்ளது நெடுங்காலப் பழக்கம் ஒன்றே.

இவ்வுண்மை இளைஞர்க்குப் பெரிதும் வேண்டப்படுவது. ஏனெனில், இவ்விவாதத்திற் பொருளிழப்பும் கலந்துள்ளது. 2009இல் 'ஸ்றீற் பைற்றர் 4' வீட்டுப்பொறிகளுக்கு வந்தபோது, போட்டித்தரமான ஆர்கேட் ஸ்ரிக் ஒன்று ஏறத்தாழ 150 அமெரிக்க டொலருக்கு விற்கப்பட்டது. சாதாரண கேம்பாட்டின் விலையோ அதன் மூன்றிலொரு பங்களவினது. பெரியோர் கையிற் கண்ட கருவியை வாங்கினால் அவர்தம் திறமையும் கைவரும் என்னும் எண்ணத்தால் அதனை வாங்கியோர், தாம் முன்னர் எளிதிற் செய்த வித்தைகளையும் செய்யமாட்டாது தவித்தல் இயல்பாக நிகழ்வது. இது கருவியின் குற்றமன்று. பெருவிரல் கற்ற பாடத்தை மணிக்கட்டு அறியாது. அது தொடக்கத்திலிருந்தே கற்றல் வேண்டும். வயலின் வாசிப்பவன் வீணையை எடுத்தால், இராகம் உள்ளத்தில் இருப்பினும் விரல் தடுமாறுவது போன்றதே இது. ஆதலின் ஒருவன் கருவியை மாற்றுதற்கு முன்னர், பழைய கருவி தன்னை உண்மையாகவே எங்கே தடுக்கின்றது என்று ஆராய்தல் வேண்டும். விரல் நோவு, கைக்குப் பொருந்தாமை, மூன்று பொத்தான்களை ஒருங்கே அழுத்தமாட்டாமை போன்ற குறிப்பிட்ட காரணம் இருப்பின் மாற்றுதல் தகும். தோல்வி ஒன்றே காரணமாயின் மாற்றுதலாற் பயனில்லை.

கோலுக்கும் சிலுவைக்கும் இடையிலான வழக்கு இவ்வாறு ஒருவகையாகத் தீர, 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவிற் பரவத் தொடங்கிய மூன்றாவது கருவியொன்று புதிய வழக்கைத் தோற்றுவித்தது. அது கோலில்லாப் பலகை. ஆர்கேட் ஸ்ரிக்கின் பலகையே. ஆனாற் கோல் இருந்த இடத்தில் இடம், கீழ், வலம் என்பவற்றுக்கு மூன்று பொத்தான்களும், பெருவிரலின்கீழ் மேற்றிசைக்கு ஒரு பொத்தானும் உள. ஒவ்வொரு திசைமேலும் ஒரு விரல் முன்னரே காத்திருப்பதால் கடக்கவேண்டிய தூரம் என்பதே இல்லை. தட்டச்சுப் பொறியிற் பழகிய விரல்களுக்கு இது இயல்பாகப் பொருந்துவது. கோலாற் புகழ்பெற்ற உமெஹாராவும் பின்னாளில் இவ்வகைப் பலகைக்கு மாறினார்.

இங்கேதான் நுண்ணியதொரு சிக்கல் எழுந்தது. கோல் ஒரே கணத்தில் இடமும் வலமும் சாயமாட்டாது. சிலுவையும் நடுமுனைப்பு இருத்தலால் இருபுறமும் ஒருங்கே தாழமாட்டாது. எதிர்த்திசைகள் இரண்டை ஒருங்கே காட்டுதல் இவ்விரு கருவிகளிலும் இயற்கையாலேயே தடுக்கப்பட்டிருந்தது. கோலில்லாப் பலகையில் அத்தடை இல்லை. இரு விரல்கள் இரு பொத்தான்களையும் ஒருங்கே அழுத்தலாம். அவ்வேளையிற் பொறி எதனைக் கொள்வது? பின்னர் அழுத்தியதையே கொள்ளுமாயின், பின்றிசையை விடாது பிடித்தபடியே முன்றிசையைத் தட்டிக் கைல் தன் வித்தையை ஏவி, தட்டிய விரலை எடுத்த கணமே மீண்டும் காவல்நிலையை அடைவான். கோல் பிடிப்பவர் நடுநிலையைக் கடந்து மீளச் செலவிடும் காலம் இவருக்கு மிச்சமாகும். இது நியாயமா என்னுங் கேள்வி பெரும்போட்டிகளை நடத்துவோர் முன் வந்தது. 2023இல் வெளிவந்த 'ஸ்றீற் பைற்றர் 6' விளையாட்டின் தொடர்போட்டிகளுக்குக் கப்கொம் வகுத்த விதியின்படி, எதிர்த்திசைகள் இரண்டும் ஒருங்கே அழுத்தப்படின் ஒன்றையொன்று அழித்து நடுநிலையாகக் கொள்ளப்படும். கோலுக்கு இயற்கை விதித்த தடையைக் கோலில்லாப் பலகைக்கு மனிதர் விதித்தனர்.

இவ்விதியின் உட்பொருளை ஆராய்ந்தால், தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு விடை கிடைக்கும். விரைவான கருவி என்பதற்காகக் கோலில்லாப் பலகை விலக்கப்படவில்லை; விரலின் செயலைப் பொறிக்குக் கொண்டுசெல்லுந் தொழிலோடு அது நிற்கவேண்டும் என்பதே வரையறை. ஒருமுறை அழுத்திய பொத்தானைப் பலமுறை அழுத்தியதாகக் காட்டும் வசதியும், ஒரே பொத்தானில் ஒரு வித்தையின் திசைகளையெல்லாம் பதித்துவைத்துத் தானாகவே இயக்கும் வசதியும் பெரும்போட்டிகளில் தடுக்கப்படுவதும் இதனாலேயே. இலக்கணநூலார் கருத்தாவை ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா என இருவகைப்படுத்துவர். 'அரசனாற் கட்டப்பட்ட கோயில்' என்புழி அரசன் ஏவினான்; கல்லைச் செதுக்கியவன் அவனல்லன். பதித்துவைத்த வித்தையை ஏவுபவனும் அரசனைப் போன்ற ஏவுதற்கருத்தாவே. அங்கே இயற்றுதற்கருத்தா கருவியாகிவிடுகின்றது. போட்டியோ இயற்றுவோரிடையே நிகழ்வது. கருவி எத்துணைச் சிறந்ததாயினும், செயலைக் கொண்டுசெல்லும்வரை அது கருவி. செயலைத் தானே இயற்றத் தொடங்கிய கணத்தில் அது கருத்தாவின் இருக்கையிற் சென்று அமர்கின்றது.

'ஸ்றீற் பைற்றர் 6' இவ்வெல்லையை வேறொரு வகையாலும் சோதித்துள்ளது. அதில் மரபுமுறையோடு புதுமுறை என்னும் இயக்கமுறையும் வைக்கப்பட்டது. புதுமுறையில் ஒரு திசையும் ஒரு பொத்தானுமே சிறப்பு வித்தையை வெளிப்படுத்தும், கால்வட்டம் வேண்டியதில்லை. ஆயினும் அவ்வாறு எளிதில் ஏவப்படும் வித்தையின் சேதம் 20 வீதம் குறைக்கப்பட்டுள்ளது. இங்கே உதவி மறைவாகக் கருவிக்குள் ஒளிக்கப்படவில்லை. விளையாட்டின் சட்டமாகவே, அதற்குரிய விலையோடு, இருவரும் அறிய வைக்கப்பட்டிருக்கின்றது. நேர்மைக்கு வேண்டியது இத்தகைய வெளிப்படையே.

இவ்விவாதத்தில் மறக்கலாகாத மற்றொரு பக்கமும் உண்டு. எந்தக் கருவி சிறந்தது என்று கேட்பவர், எல்லார்க்கும் பத்து விரல்களும் ஒரேவகையாக இயங்கும் எனக் கொண்டே கேட்கின்றனர். அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த மைக் பெகம் என்பவர் மூட்டுக்கள் இறுகிய நிலையிற் பிறந்தவர். கைகளால் எக்கருவியையும் பற்ற இயலாதவர். அவர் கேம்பாட்டை முகத்தருகே வைத்து, வாயாலும் முகத்தாலும் இயக்கி, 'ஸ்றீற் பைற்றர் 4' விளையாட்டிற் சுன்லி என்னும் வீராங்கனையைக் கையாள்வதிற் பெயர்பெற்றார். 2024ஆம் ஆண்டில் அவர் காலமானார். மடியிற் கிடக்கும் கனத்த பலகையும் மணிக்கட்டாற் சுழற்றும் கோலும் எத்துணைப் போற்றப்படினும், அவருக்கு அவை பயன்படா. கைக்கடக்கமான, மெல்லிய அழுத்தத்துக்கும் இணங்கும் கேம்பாட்டே அவருடைய எண்ணத்தைத் திரைக்குக் கொண்டுசென்றது. ஒருவருக்குக் கருவி சிறந்ததாவது அவர் உடம்பிலுள்ள ஆற்றலைச் சிந்தாது கொண்டுசெல்வதால் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மூன்றாம் வேற்றுமைக்கு மூன்றாவது பொருளும் ஒன்று உண்டு என்பது முன்னர்க் கூறப்பட்டது. 'மாணவரோடு ஆசிரியர் வந்தார்' என்பதிற்போல உடனிகழ்தலே அப்பொருள். புதிதாக வாங்கிய கேம்பாட்டும் புதிதாக வாங்கிய ஆர்கேட் ஸ்ரிக்கும் தொடக்கத்தில் வெறுங் கருவிகளே. அவற்றை நோக்கியே கண் செல்லும். எந்தப் பொத்தான் எங்கே என்று உள்ளம் தேடும். பல திங்கள் பழகியபின் கண் கருவியை விட்டுத் திரைக்குச் செல்லும். திரையில் எதிரியின் தோளசைவைக் கண்டதும் விரல் தானே தாழும். அந்நிலையில், கருவியால் ஆடுகின்றான் என்பதினும் கருவியோடு ஆடுகின்றான் என்பதே பொருத்தமாம். கோலாயினும் சிலுவையாயினும் கோலில்லாப் பலகையாயினும் அந்நிலைக்கு இட்டுச்செல்லும் வழி ஒன்றே. அது விலைக்குக் கிடைப்பதன்று. தோற்ற இளைஞன் கடைக்குச் சென்று வேறு கருவி தேடுமுன், தான் தோற்ற ஆட்டத்தைப் பொறியில் மீளவோட்டி, எந்தக் கணத்தில் எந்த விரல் தவறிற்று என்று ஒருமுறை நோக்குவானாக.